கணக்குப் பாடமும் பள்ளி இறுதிப் பரீட்சையும்

மாற்றல் உத்தரவு வந்து ஊர் விட்டு ஊர் பெயரும் குடும்பங்களில் முதலில் மூட்டை கட்டப்படுவது பாத்திரம் பண்டங்களாக இருக்கலாம். முதலில் கவலைக்கு உள்ளாவது குழந்தைகளின் படிப்புத்தான். தில்லியிலோ நாகபுரியிலோ புனேயிலோ புதிய பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் அறையில் நாம் சென்று அமர்ந்ததும், அவர் பழைய பள்ளியின் சான்றிதழைப் புரட்டிப் பார்த்து இரண்டு கேள்விகள் கேட்பார். ஒன்று மொழியைப் பற்றியது. மற்றது கணக்கைப் பற்றியது. மொழியைப் பற்றிய கேள்வி நாம் எதிர்பார்த்து வந்ததே. கணக்கைப் பற்றிய கேள்விதான் நம்மைத் திகைக்க வைக்கிறது. இரண்டும் இரண்டும் எந்த மாநிலத்திலும் நான்குதானே? அவ்வாறிருக்க, "உங்கள் பிள்ளை எந்தக் கணக்கு எடுத்திருக்கிறான்?" என்று கேட்பானேன்?

இக்கேள்விக்குப் பின்னே நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. பள்ளிப் படிப்பை முடித்தவர் என ஒருவருக்குச் சான்று வழங்குவதற்கு அவர் எவ்வளவு கணிதம் அறிந்திருத்தல் வேண்டும், யாரை அதினின்றும் விலக்கி வைக்கலாம் என்பவை பற்றி நம் நாட்டில் நடந்துவந்த நீண்ட வாதமே அவ்வரலாறு. அறிஞர்கள் அவைகளில் நிகழ்த்திய வாதந்தான்; ஆயினும் அதன் முடிவுகள் எல்லாம் ஏதேனும் ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ ஒரு வழி திறந்ததையும் மற்றொரு வழி அடைபட்டதையும் குறிக்கின்றன.

அதற்கும் முற்பட்ட நிலையை முதலில் சிறிது நோக்குவோம். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் பழகிய சிறுவன் எண்சுவடியை மனப்பாடம் செய்தான். முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி, எண்பதில் ஒரு பங்கான காணி, இருபதில் ஒரு பங்கான மா ஆகிய பின்னங்களைக் கூட்டவும் பெருக்கவும் அவனுக்குத் தாளும் பேனாவும் வேண்டியிருக்கவில்லை. வங்காளத்தில் சுபங்கரர் பெயரால் வழங்கிய செய்யுட் கணக்குகள் இதே வேலையைச் செய்தன. இந்தி வழங்கும் பகுதிகளில் ஸவாயா என்றால் ஒன்றேகால் வாய்பாடு. டேடா என்றால் ஒன்றரை வாய்பாடு. டாயா என்றால் இரண்டரை வாய்பாடு. நெல் அளப்பதற்கும், தீர்வை கணக்கிடுவதற்கும், வட்டி போடுவதற்கும் பயன்பட்ட கணக்கு இது. இதில் தேர்ந்தவனுக்குச் சான்றிதழ் எதுவும் கிடையாது. அவனை வேலைக்கு அமர்த்த வந்தவர் வாய்க்கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்பார்; பரீட்சை அத்துடன் முடிந்தது.

பள்ளி இறுதிப் பரீட்சை என்பது நம் நாட்டில் வேரூன்றியது 1857-ஆம் ஆண்டிலிருந்துதான். 1854-இல் சார்லஸ் உட் விடுத்த கல்வி அறிக்கையின் பயனாகக் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் அவ்வாண்டில் சர்வகலாசாலைகள் தோன்றின. லண்டன் சர்வகலாசாலையை முன்மாதிரியாகக் கொண்ட இவை தொடக்கத்தில் பாடம் கற்பிக்கவில்லை. பரீட்சை நடத்திப் பட்டம் வழங்குவதையே தொழிலாகக் கொண்டிருந்தன. அவற்றின் வாயிலில் நின்றது பிரவேசப் பரீட்சை. கல்கத்தாவில் அதற்கு என்ட்ரன்ஸ் என்று பெயர். சென்னையிலும் பம்பாயிலும் மெட்ரிகுலேஷன் என்றார்கள். பம்பாயில் முதல் மெட்ரிகுலேஷன் 1859-இல் நடைபெற்றது. அதில் தேறியவர்களுள் மகாதேவ கோவிந்த ரானடேயும் ஒருவர். ஆங்கிலம், மற்றொரு மொழி, சரித்திரம், பூகோளம் ஆகியவற்றோடு கணிதமும் அங்கே இன்றியமையாத பாடமாக வைக்கப்பட்டது.

அந்தக் கணிதம் எத்தகையது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். எண் கணிதமும் சிறிது இயற்கணிதமும் உண்டு, அவற்றோடு யூக்ளிட். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட வடிவ கணித நூலை, டாட்ஹண்டர் போன்ற ஆங்கிலேய ஆசிரியர்களின் பதிப்பில், ஆங்கிலத்திலேயே, தஞ்சாவூர்ச் சிறுவனும் டாக்காச் சிறுவனும் படித்தார்கள். ஒரு கூற்றை முன்னர் நிறுவிய கூற்றுக்களைக் கொண்டே நிறுவும் முறையைக் கற்பதில் உயர்ந்த பயன் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், பரீட்சை ஒன்றே குறியாகிவிட்ட இடத்தில், நிரூபணங்களும் எண்சுவடியைப் போலவே நெட்டுருப் போடப்பட்டன. எண்சுவடியை நெட்டுருப் போட்டவனுக்குக் கடைத்தெருவில் அது கைகொடுத்தது; யூக்ளிடை நெட்டுருப் போட்டவனுக்கு விடைத்தாளுக்கு வெளியே அதனால் ஆனது ஒன்றுமில்லை. பழையதில் இருந்த பயனையும் இழந்து, புதியதில் இருந்த சிந்தனையையும் பெறாமற் போன தலைமுறைகள் சில உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது.

மெட்ரிகுலேஷன் கல்லூரிக்கு வாயிலாக அமைக்கப்பட்டது. நாளடைவில் அது உத்தியோகத்துக்கும் வாயிலாயிற்று. கச்சேரிக் குமாஸ்தா, ரயில்வே, தபால் இலாகா என எங்கும் மெட்ரிகுலேஷன் தேறியவரா என்பதே கேள்வி. கல்லூரிக்குப் போகும் எண்ணமே இல்லாதவனும், அதற்கான வசதியே இல்லாதவனும் அந்த வாயிலிலேயே வந்து மோதினார்கள். ஒரு பாடத்தில் தவறினாலும் முழுப் பரீட்சையும் தவறியதாகும் என்ற விதியும் கூடவே இருந்தது. இவ்விதியின் கொடுமைக்குக் கணிதத்தில் தோற்றவர்களையே சான்று காட்டுவது வழக்கம். மறுபுறமும் ஒன்று உண்டு. சீனிவாச ராமானுஜன் 1903-இல் மெட்ரிகுலேஷன் தேறி, மறு ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கி, ஆங்கிலம் முதலிய பிற பாடங்களைக் கைவிட்டு, உபகாரச் சம்பளத்தை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதிய எப்.ஏ. பரீட்சையிலும் தேறவில்லை. பட்டம் பெறாத அவருக்கு 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் வழங்க, அதே சென்னைச் சர்வகலாசாலை தன் விதியைத் தானே தளர்த்த நேர்ந்தது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பது எல்லோரையும் அளந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்ச்சி கிடைப்பது அரிது.

ஒரே அளவுகோலை மாற்றலாம் என்று எண்ணியவர்கள் அதற்கு முன்னரே இருந்தனர். 1882-இல் அமைந்த ஹண்டர் கமிஷன், உயர் நிலைப் பள்ளியின் மேல் வகுப்புக்களை இரண்டாகப் பிரிக்கலாம் என்று சிபாரிசு செய்தது. ஒரு பிரிவு சர்வகலாசாலைப் பரீட்சைக்குச் செல்லும். மற்றொரு பிரிவு வாணிகம் முதலிய தொழில்களுக்கு ஏற்ற நடைமுறைக் கல்வியைத் தரும். சிபாரிசு நன்றாகவே இருந்தது. மாணவர்கள்தாம் வரவில்லை. மூடர்களா அவர்கள்? அல்லர். இரண்டாம் பிரிவில் தேறியவனை உத்தியோகத்துக்கு அழைப்பார் இல்லை என்பதைப் பெற்றோர்கள் அறிஞர்களுக்கு முன்னே உணர்ந்துகொண்டார்கள். வேறு வழி என்று சொல்லி அமைக்கப்பட்டது தாழ்ந்த வழி என்று உலகத்தாரால் மதிக்கப்பட்டது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இது பின்னரும் இருமுறை மாறுவேடத்தில் நம் முன் வரும்.

பெண்கள் பக்கம் திரும்புவோம். கல்கத்தா சர்வகலாசாலை பெண்களைப் பரீட்சைக்கு அனுமதித்தது 1878-இல். அவ்வாண்டிலேயே என்ட்ரன்ஸ் எழுதிய காதம்பினி பாசு, ஒரே ஒரு மதிப்பெண்ணில் முதல் வகுப்பைத் தவறவிட்டார். 1883-இல் அவரும் சந்திரமுகி பாசுவும் பட்டம் பெற்றனர். பின்னர்க் காதம்பினி மருத்துவம் பயின்று மருத்துவராகவும் பணிபுரிந்தார். பெண்ணின் மூளை கணிதத்தைத் தாங்காது என்று பேசியவர்களுக்கு இந்த ஒரு வரலாறே போதிய விடையாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. பெண்ணுக்கு இல்லறத்துக்கு ஏற்ற கல்வி வேறு என்ற கருத்து வலுப்பெற்றது. இதைப் பகைவர்கள் மட்டும் கூறவில்லை. பெண் கல்விக்காகவே வாழ்ந்த பெரியோரும் கூறினர். 1916-இல் புனேயில் பெண்களுக்கெனத் தனிச் சர்வகலாசாலை கண்ட தோண்டோ கேசவ கார்வே அத்தகையவர். தாய்மொழிவழிக் கல்வியும், மனையியலும், உடல்நலவியலும் அங்கே சிறப்பிடம் பெற்றன. கைம்பெண்களின் வாழ்வை மலரச் செய்த அப்பெரியார், பெர்கூசன் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என்ன கற்பித்தார் தெரியுமா? கணிதம்.

கார்வேயின் நோக்கம் வேறு. பள்ளிப் பாடத்திட்டங்களில் அது பெற்ற வடிவம் வேறு. பல மாநிலங்களின் பள்ளி இறுதிப் பரீட்சையில் பெண்களுக்குக் கணிதத்திலிருந்து விலக்கு என்பது சலுகையாகவே நுழைந்தது. உத்தரப் பிரதேசத்தின் ஹைஸ்கூல் பரீட்சையில் மாணவியர் கணிதத்துக்கு ஈடாக மனையியலை எடுத்துக்கொள்ளும் வழி நெடுங்காலம் இருந்துவந்தது. கான்பூரிலும் லக்னோவிலும் குடியிருந்த நம்மவர்களின் வீடுகளில், "பெண்ணுக்கு ஏன் இந்தத் தலைவலி? மனையியல் எடுத்தால் மதிப்பெண்ணும் வரும்" என்று பெரியவர்கள் அன்போடு சொன்னதை நாம் கேட்டிருக்கிறோம். மதிப்பெண் வந்தது. அதன் பின்னர்ப் பொறியியற் கல்லூரிக்கும், பௌதிகப் பட்டப் படிப்புக்கும், கணக்கியல் துறைக்கும் விண்ணப்பத் தாள் வாங்கச் சென்றபோதுதான், பதினான்கு வயதில் அன்போடு அடைக்கப்பட்ட கதவு எது என்று தெரிந்தது. கட்டாயத்தில் தோற்றவன் மறுமுறை எழுதலாம். விலக்குப் பெற்றவளுக்கு எழுதுவதற்கே தாள் இல்லை.

நாடு விடுதலை பெற்றதும் உயர் நிலைக் கல்வியைச் சீர்திருத்த 1952-இல் ஒரு கமிஷன் அமைந்தது. அதன் தலைவர் நம்மவர்: சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை விளங்கிய டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார். மாணவர்களின் இயல்பு பலவகைப்பட்டது. ஆதலால் பாடமும் பலவகைப்பட வேண்டும் என்பது முதலியார் கமிஷனின் மையக் கருத்து. மனிதப் பண்பியல், விஞ்ஞானம், தொழில் நுணுக்கம், வாணிகம், விவசாயம், நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகளை அது வகுத்தது. கணிதத்தோடு கூடிய பொது விஞ்ஞானம் எல்லோருக்கும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும். அதன்மேல் கணிதம் வேண்டுவோர்க்கே. பல்நோக்குப் பள்ளிகள் என்ற பெயரில் புதிய பள்ளிகளும் எழுந்தன. ஹண்டரின் பழைய கருத்து இப்போது இரண்டுக்குப் பதில் ஏழு கிளைகளுடன் வந்தது என்று சொன்னால் அது முற்றும் நியாயமாகாது. முதலியார் கமிஷன் தொழிற்கல்வியை உண்மையாகவே உயர்த்த விரும்பியது. ஆனாலும் பட்டறைக்கும் பண்ணைக்கும் வேண்டிய பணமும் ஆசிரியர்களும் எல்லாப் பள்ளிகளுக்கும் கிடைக்கவில்லை. விஞ்ஞானப் பிரிவில் இடம் கேட்டுக் கூட்டம் நின்றது. மற்றப் பிரிவுகளுக்கு, அதில் இடம் கிடைக்காதவர்கள் சென்றார்கள்.

சென்னை மாநிலத்தின் எஸ்.எஸ்.எல்.ஸி.யிலும் இதே பிளவு வேறு பெயரில் காணப்பட்டது. பொதுக் கணிதம் என்றும், காம்பொஸிட் கணிதம் என்றும் இரண்டு. விஞ்ஞானமும் பொறியியலும் நாடியவர்கள் பின்னதை எடுத்தார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் படித்த நம் தலைமுறைப் பெரியவர்களைக் கேட்டால், தாம் எடுத்தது எந்தக் கணக்கு என்பதை இன்றும் தயக்கமின்றிச் சொல்வார்கள்; சிலர் சற்றுப் பெருமையோடு, சிலர் சற்றே குரல் தாழ்த்தி.

பிரயாணம் செய்யும் குடும்பங்களுக்கு அந்நாளில் இருந்த தொல்லை இவ்வளவில் நிற்கவில்லை. பள்ளி ஆண்டுகளின் எண்ணிக்கையே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. சென்னையில் ஆறாம் பாரத்தின் இறுதியில், அதாவது பதினோராம் ஆண்டில், எஸ்.எஸ்.எல்.ஸி. உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் ஆண்டிலேயே ஹைஸ்கூல் பரீட்சை. அதன்மேல் இரண்டாண்டு இன்டர்மீடியட். தில்லியில் பதினோராண்டு ஹயர் செகண்டரி. ஐந்தாம் பாரம் முடித்து அலகாபாத்துக்குச் சென்ற பையனின் கையில் பத்தாண்டுப் படிப்பு இருந்தது, சான்றிதழ்தான் இல்லை. அவனைவிட ஒரு நாளும் அதிகம் படித்திராத பக்கத்து வீட்டுப் பையன் ஹைஸ்கூல் தேறியவன் என்று பெயர் பெற்றிருந்தான்.

கணக்குப் புத்தகத்துக்கு உள்ளேயும் எல்லைக்கோடு ஓடிற்று. சென்னைப் பிள்ளை படித்த வாய்பாட்டில் மூன்று தோலா ஒரு பலம், எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. வடக்கே எண்பது தோலா ஒரு சேர், நாற்பது சேர் ஒரு மணங்கு. ஆகவே சென்னை மணங்கு 960 தோலா. வட இந்திய மணங்கு 3,200 தோலா. அதே பெயர்; எடை மூன்று மடங்குக்கு மேல். கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிய பிள்ளை புதிய ஊரின் வகுப்பில் கோதுமைக் கணக்கைத் தவறாகப் போட்டு விழிப்பான். அவன் போட்ட பெருக்கல் என்னவோ சரியாகவே இருக்கும்.

நாணயக் கணக்கு நாடெங்கும் ஒன்றே என்றாலும் அதன் கடுமைக்குக் குறைவில்லை. பன்னிரண்டு பை ஓர் அணா. பதினாறு அணா ஒரு ரூபாய். ஏழு ரூபாய் பதினோரணா ஒன்பது பை வீதம் பதின்மூன்று வேட்டியின் விலை என்ன? பைகளைப் பதின்மூன்றால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். கிடைத்ததை அணாவோடு சேர்த்துப் பதினாறால் வகுக்க வேண்டும். விடை 100 ரூபாய் 8 அணா 9 பை. இத்தகைய கணக்குகளுக்கென்றே கணித நேரத்தில் பெரும்பகுதி செலவாயிற்று. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று தசாம்ச நாணயம் வந்தது. மறு ஆண்டிலிருந்து மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புகுந்து, 1962-க்குள் வீசையும் மணங்கும் சட்டத்திலிருந்து விடைபெற்றன. கமிஷன்களின் அறிக்கைகளைவிடக் கணக்குப் பாடத்தின் சுமையைக் குறைத்தது இந்த ஒரு மாறுதல்தான் என்றால் மிகையாகாது. அணாக் கணக்கிலே வளர்ந்த பாட்டிமார்கள் வாய்க்குள்ளேயே கூட்டிச் சொன்ன வேகம் அதோடு மறைந்தது. அதற்காகச் சிறிது வருந்தலாம்.

மாற்றலாகிச் செல்லும் மத்திய அரசாங்க ஊழியர்களின் குழந்தைகளுக்காக 1963-இல் மத்தியப் பள்ளிகள் தோன்றின. இருபது ராணுவப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு தொடங்கிய இத்திட்டமே பின்னர்க் கேந்திரிய வித்யாலயா எனப் பரவியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் திருத்தி அமைக்கப்பட்டிருந்தது. ஜபல்பூரில் பாதி படித்த கணக்கை விசாகப்பட்டினத்தில் அதே பக்கத்திலிருந்து தொடரலாம் என்பது, அதுவரையில் அலைக்கழிந்த குடும்பங்களுக்குச் சிறிய ஆறுதலன்று.

ஆயினும் கணிதம் யாருக்கு வேண்டும் என்ற பழைய கேள்வி தீரவில்லை. அதைத் தீர்த்தவை அறுபதுகளின் இரண்டு அறிக்கைகள். முதலாவது ஹன்ஸா மேத்தா தலைமையில் அமைந்த குழுவினுடையது. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் வாசகத்தில் ஆண்மக்கள் என்று பொருள்படும் சொல்லை நீக்கி மனிதர் என்று பொருள்படும் சொல்லைச் சேர்க்கச் செய்தவர் இந்த அம்மையார் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று எனப் பாடத்திட்டத்தைப் பிரிப்பதற்கு நியாயம் இல்லை என்று அவருடைய குழு 1964-இல் கூறிற்று. இரண்டாவது, பௌதிக விஞ்ஞானி டாக்டர் தௌலத் சிங் கோத்தாரியின் தலைமையில் 1964 முதல் 1966 வரை பணிபுரிந்த கல்விக் கமிஷனின் அறிக்கை. பள்ளிப் படிப்பின் முதல் பத்தாண்டுகளில் கணிதமும் விஞ்ஞானமும் எல்லா மாணவர்க்கும் கட்டாயமாதல் வேண்டும். மனையியலைப் பெண்களுக்கென விதித்தல் கூடாது. கணிதமும் விஞ்ஞானமும் பயிலப் பெண்களுக்குத் தனி ஊக்கம் அளித்தல் வேண்டும் என்று அது வலியுறுத்தியது. 1968-இன் தேசியக் கல்விக் கொள்கை இக்கருத்தை ஏற்றுக்கொண்டது. பத்தாண்டுப் பொதுக் கல்வி, இரண்டாண்டு மேனிலை, மூன்றாண்டுப் பட்டப் படிப்பு என்னும் அமைப்பும் அதிலிருந்தே நாடெங்கும் பரவலாயிற்று. மத்திய வாரியம் புதிய அமைப்பில் முதல் பத்தாம் வகுப்புப் பரீட்சையை 1977-இல் நடத்தியது. தமிழ்நாட்டில் மேனிலை வகுப்புக்கள் 1978-இல் தொடங்கின.

எல்லா மாநிலங்களும் உடனே இணங்கவில்லை. விலக்குக்கள் ஆங்காங்கே நீடித்தன. இருந்தாலும் கோத்தாரி கமிஷன் செய்தது சரியான முடிவு என்பதே நம் துணிபு. பதினான்கு வயதுப் பிள்ளையிடம், உனக்குக் கணிதம் வேண்டுமா என்று கேட்பது கேள்வியே அன்று. அந்த வயதில் விடை சொல்வது பிள்ளையல்ல, வீட்டின் வழக்கமும் அக்கம் பக்கத்தாரின் அபிப்பிராயமுமே. பத்தாண்டு வரை எல்லோருக்கும் ஒன்றே என்று வைத்ததனால், அக்கேள்வி குறைந்தது இரண்டாண்டுகள் தள்ளிப் போயிற்று. அந்த இரண்டாண்டில் திறந்து நின்ற வழியே சென்று பொறியாளரும் விஞ்ஞானியும் ஆன பெண்கள் நம்மிடையே எத்துணையோ பேர்.

கட்டாயமாக்கியவர்கள் ஒன்றை மட்டும் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் கற்பிக்கத் தக்க கணிதம் எது, அதைக் கற்பிக்கும் ஆசிரியர் எங்கே என்பதே அது. கல்லூரிக்குச் செல்லும் சிலருக்காக வகுத்த பாடமே எல்லோருக்குமான பாடமாயிற்று. கணக்கில் தவறினான் என்பது வீடுதோறும் கேட்கும் சொல்லாயிற்று. தனிப்பயிற்சி நிலையங்கள் தெருத்தெருவாக முளைத்தன. 2005-இன் தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் இராமானுஜம் தலைமையில் கணிதக் கல்வி பற்றி ஆராய்ந்த குழு, பெரும்பாலான குழந்தைகளிடம் கணிதத்தின்பால் அச்சமும் தோல்வியுணர்வும் குடிகொண்டிருப்பதை முதற்குறையாக எடுத்துக்காட்டியது. ஆர்வமுள்ள சிலருக்கும் நிறைவளிக்கவில்லை, விலகி நிற்கும் பலருக்கும் பயனளிக்கவில்லை என்ற அதன் கணிப்பை நோக்கும்போது, யூக்ளிடை நெட்டுருப் போட்ட மெட்ரிகுலேஷன் மாணவன் நம் நினைவுக்கு வருகிறான். கும்பகோணத்து ராமானுஜனும் வருகிறார்.

இதற்கு மாற்றாகக் கூறப்பட்டவற்றுள் ஒன்று, பரீட்சையை இரண்டு நிலைகளில் நடத்துவது. மத்திய வாரியம் 2019-இல் அறிவித்து, 2020-ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புப் பரீட்சையிலிருந்து இதைக் கைக்கொண்டது. ஸ்டாண்டர்டு கணிதம் என்றும் பேசிக் கணிதம் என்றும் இரண்டு. பாடத்திட்டம் ஒன்றே, வகுப்பறை ஒன்றே, புத்தகமும் ஒன்றே. வினாத்தாளின் கடுமையில்தான் வேறுபாடு. பத்தாம் வகுப்புக்குப் பின் கணிதம் பயிலும் எண்ணம் இல்லாதவர்களுக்கு பேசிக். அதில் தேறியவர் மனம் மாறிப் பதினோராம் வகுப்பில் கணிதம் எடுக்க விரும்பினால், துணைத் தேர்வில் ஸ்டாண்டர்டு தாளை எழுதித் தேறுதல் வேண்டும் என்பது விதி. பெருந்தொற்றுக் காலம் தொடங்கி இவ்விதி தளர்த்தப்பட்டதும் உண்டு. மேலும், 2020-21-இல் பதினோராம் வகுப்பில் பயன்முறைக் கணிதம் என்ற புதிய பாடம் தொடங்கப்பெற்றது. பேசிக் எழுதியவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். வாணிகமும் பொருளியலும் பயில்வோரை உள்ளத்தில் கொண்டு அமைந்த பாடம் அது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் இருநிலை முறையைக் கணிதத்தில் தொடங்கிப் பிற பாடங்களுக்கும் விரிக்கலாம் என்று கூறுகிறது.

ஹண்டரின் இரண்டாம் பிரிவுக்கும் மனையியலுக்கும் நேர்ந்ததே இதற்கும் நேருமா? ஒரு நன்மை உண்டு: பழைய விலக்கைப் போல் அல்லாமல், இங்கே பிள்ளை கணிதத்தை விட்டுவிடவில்லை, பத்தாண்டும் முழுமையாகப் படிக்கிறது. அந்த அளவில் கோத்தாரியின் கருத்து காக்கப்பட்டிருக்கிறது. ஆனால், பெண்ணுக்கு பேசிக் போதும் என்ற பேச்சு வீடுகளில் மறுபடியும் நம் காதில் விழத் தொடங்கியிருப்பதையும் மறைப்பதற்கில்லை. பட்டப் படிப்புக்களில் சில, பன்னிரண்டாம் வகுப்பில் இன்ன கணிதம் பயின்றிருத்தல் வேண்டும் என்று வரையறுக்கின்றன. தில்லிப் பல்கலைக் கழகத்தின் பொருளியல் ஆனர்ஸ் படிப்புக்குக் கணிதம் வேண்டும் என்பதைக் கலைப்பிரிவு எடுத்த பின்னர் அறிந்து வருந்திய பெற்றோரை நாம் அறிவோம்.

மத்திய வாரியத்தின் பாடப் பட்டியலில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எண் உண்டு. பத்தாம் வகுப்பின் ஸ்டாண்டர்டு கணிதத்துக்கு 041. பேசிக் கணிதத்துக்கு 241. பன்னிரண்டாம் வகுப்பின் கணிதத்துக்கும் அதே 041. பயன்முறைக் கணிதத்துக்கு அதே 241. பத்தாம் வகுப்பில் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும் பட்டியலைப் பள்ளி தயாரிக்கும்போது இவ்விரண்டு எண்களில் ஒன்று பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதப்படுகிறது. பெரும்பாலும் அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பே அப்பட்டியல் வாரியத்துக்குப் போய்விடும். மாற்றலாகி நடு ஆண்டில் வந்து சேர்ந்த குடும்பங்கள், பழைய பள்ளியில் எந்த எண் எழுதப்பட்டது என்பதைப் புறப்படும் முன்னரே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.